பி0444: வால்வு புதிது, விளக்கு பழையபடி

கேள்வி

எங்களுடையது 2018-இல் வாங்கிய பெட்ரோல் கார், பிஎஸ்-4 வண்டி. மூன்று மாதமாகச் செக் என்ஜின் விளக்கு படுத்துகிறது. ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றுமில்லை. ஈரோட்டிலிருந்து கோபி, சத்தி என்று வெயிலில் போய்விட்டு வந்தால் விளக்கு வந்துவிடுகிறது. சில நாள் கழித்துத் தானாகவே அணைந்தும் போகிறது. ஓட்டுவதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பிக்கப், மைலேஜ் எல்லாம் முன்போலத்தான். மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார், பி0444 என்ற கோளாறுக் கோடு வந்தது. பர்ஜ் வால்வு போய்விட்டது என்று சொல்லிப் புதிது மாட்டினார். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, மறுபடி அதே கோடு. இப்போது, என்ஜினை இயக்கும் கணினியான ஈசிஎம்தான் போயிருக்கும், மாற்ற முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்கிறார். என் மச்சான், வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று பெட்ரோல் டேங்க் மூடி புதிதாக வாங்கியே கொடுத்துவிட்டார். அதையும் மாட்டியாயிற்று, பலன் இல்லை. என்னிடம் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும், போனில் பார்க்கும் ப்ளூடூத் ஓபிடி அடாப்டரும் இருக்கின்றன. வீட்டு வயரிங் வேலை ஓரளவு தெரியும். ஈசிஎம்முக்குப் பணம் கொடுப்பதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா? அதுவரை வண்டியை ஓட்டலாமா?

ஈரோடு வாசகர்

பதில்

ஓட்டலாம். பி0444 மட்டும் தனியாக வந்து, வண்டி நீங்கள் சொல்வதுபோல ஓடிக்கொண்டிருந்தால் நடுவழியில் நிற்கிற ஆபத்து இல்லை. இரண்டு நிலைமைகளில் மட்டும் ஓட்ட வேண்டாம். வண்டிக்கு அடியில் பெட்ரோல் ஈரமாகக் கசிந்தால் உடனே நிறுத்துங்கள். ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் போன்ற வேறு கோடுகளும் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான். அப்போது போனது அவற்றுக்கெல்லாம் பொதுவான ஃபியூஸாகவோ ரிலேயாகவோ இருக்கலாம், அது வண்டியையே நிறுத்திவிடும்.

ஈசிஎம்முக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் ஈசிஎம்மைக் குற்றம் சொல்லும் ஆதாரம் ஒன்றுகூட இல்லை. வால்வு மாற்றினோம், தீரவில்லை, அதனால் மிச்சமிருப்பது ஈசிஎம் என்பது கணக்கு சரியில்லை. வால்வையும் ஈசிஎம்மையும் தவிர அந்தச் சுற்றில் ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே, இரண்டு வயர்கள், குறைந்தது இரண்டு கப்ளர்கள் இருக்கின்றன. அவற்றை யாரும் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை.

முதலில் மச்சானின் மூடியை முடித்துவிடுவோம். அந்த யோசனை அமெரிக்க வண்டிகளுக்குச் சரியானது. பெட்ரோல் டேங்கிலிருந்து ஆவி வெளியேறாமல் பிடிக்கும் ஏற்பாட்டைக் கலிஃபோர்னியாவில் 1970-லும், அமெரிக்கா முழுவதும் 1971-லும் கார்களில் கட்டாயமாக்கினார்கள். 1996 முதல் வந்த அமெரிக்க ஓபிடி விதிகள் இன்னும் கடுமை. டேங்க் பக்கம் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால்கூட வண்டியே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், பிறகு அரை மில்லிமீட்டர் என்றானது. அதனால் அங்கே மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலும் விளக்கு வரும். பி0455, பி0456, பி0457 எல்லாம் அந்த ஜாதிக் கோடுகள். நம் பிஎஸ்-4 விதி ஐரோப்பிய வழியில் எழுதப்பட்டது. அதன்படி பர்ஜ் வால்வின் மின்சுற்று அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், கசிவுச் சோதனை கட்டாயமில்லை. பி0444 சொல்வதும் அதைத்தான்: பர்ஜ் வால்வின் மின்சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. மூடிக்கு வயரே கிடையாது; அதை எத்தனை முறை மாற்றினாலும் இந்தக் கோடு அசையாது.

கோடு சொல்வது சுற்றை, பாகத்தை அல்ல. வால்வு அந்தச் சுற்றில் ஒரு பங்காளி, அவ்வளவுதான். ஸ்கேனரில் பர்ஜ் வால்வு என்ற பெயர் வருவதால் கை நேராக வால்வுக்குப் போய்விடுகிறது. இந்த வழக்கத்தால் வீணான நல்ல வால்வுகள் ஊரில் ஏராளம். உங்கள் பழைய வால்வும் அப்படி ஒன்றாக இருக்கலாம். மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வையுங்கள், கீழே வேலை இருக்கிறது.

சுற்று எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டேங்கில் கிளம்பும் பெட்ரோல் ஆவியைக் கரித்துகள் நிரப்பிய கேனிஸ்டர் பிடித்து வைக்கிறது. என்ஜின் சூடானதும் பர்ஜ் வால்வு திறக்க, மேனிஃபோல்டின் உறிஞ்சல் அந்த ஆவியை இழுத்து எரித்துவிடுகிறது. வால்வு என்பது ஒரு சோலனாய்டு. மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும். அதன் இரண்டு பின்களில் ஒன்றுக்கு மெயின் ரிலேயும் ஃபியூஸும் வழியாக 12 வோல்ட் வந்து காத்திருக்கும். மற்றது ஈசிஎம்முக்குப் போகும். ஈசிஎம் மின்சாரம் கொடுப்பதில்லை, எர்த் கொடுக்கிறது; அதுவும் ஒரேயடியாக அல்ல, நொடிக்குப் பத்து முறையோ அதற்கு மேலோ விட்டு விட்டுக் கொடுக்கும். போனட்டைத் திறந்தால் டிக் டிக் என்று கேட்கிறதே, அந்தச் சத்தம் இதுதான்.

வால்வை அணைத்து வைத்திருக்கும்போது ஈசிஎம் தன் பின்னில் பேட்டரி வோல்டேஜை எதிர்பார்க்கும், ஏனென்றால் காயில் வழியாக 12 வோல்ட் அங்கே வந்து சேர வேண்டும். வராவிட்டால் சுற்று அறுந்திருக்கிறது, அல்லது அந்த வயர் பாடியில் உரசி எர்த் ஆகிறது. நிறைய ஈசிஎம்கள் இந்த இரண்டையும் பிரித்தே அறியும்: அறுந்தால் பி0444, ஷார்ட் என்றால் பி0445. பிரிக்க முடியாத சில, வோல்டேஜ் குறைவு என்று பி0458 போடும். வோல்டேஜ் குறைய வேண்டிய நேரத்தில் குறையாவிட்டால் பி0459. விவரம் எதுவும் சொல்லாமல் சுற்றில் கோளாறு என்று மொத்தமாகச் சொல்வது பி0443.

ஓட்டுவதில் வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல தடயம். கன்ட்ரோல் வயர் எர்த் ஆகியிருந்தால் சாவி போட்ட நேரமெல்லாம் வால்வு திறந்தே கிடக்கும். ஐட்லிங் ஆடும், பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும். சுற்று அறுந்தால் வால்வு மூடியே கிடக்கும், என்ஜினுக்குத் தெரியவே தெரியாது. கேனிஸ்டர் நிரம்பி, வெயிலில் நிறுத்தினால் வண்டிக்குப் பின்பக்கம் பெட்ரோல் வாசனை அடிக்கலாம். ஆக, கோடும் அறிகுறியும் ஒத்துப்போகின்றன. தேட வேண்டியது அறுந்த இடத்தை.

விளக்கு வரும் நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. விளக்கு எரிகிற நேரமும் கோளாறு நடக்கிற நேரமும் ஒன்றல்ல. அடுத்தடுத்த ஓட்டங்களில் கோளாறை மறுபடி பார்த்தால்தான் விளக்கைப் போடும் மாடல்கள் உண்டு. கோளாறு இல்லாத மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து முடிந்தால் அது தானாக அணையும். உங்கள் விளக்கு சில நாளில் அணைவது அதனால்தான். எதுவும் சரியாகிவிடவில்லை, ஊருக்குள் ஓட்டிய நாட்களில் கோளாறு எட்டிப்பார்க்கவில்லை, அவ்வளவே. புது வால்வு போட்ட இரண்டு வாரமும் பெரும்பாலும் இதே கதை. கோடை அழித்தார்கள், கப்ளரைக் கழற்றி மாட்டியதில் வயர் கொஞ்சம் அசைந்து தொடர்பு கிடைத்தது, வால்வுக்கு நல்ல பெயர்.

ஆகவே அடாப்டரை மாட்டி ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பக்கத்தைத் திறங்கள். கோடு பதிவான அந்தக் கணத்தின் என்ஜின் சூடு, ஆர்பிஎம், வண்டியின் வேகம் ஆகியவற்றை ஈசிஎம் குறித்து வைத்திருக்கும். படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடை அழித்தால் அதுவும் போய்விடும், பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலும் போய்விடக்கூடும். அதற்காகவே பேட்டரியைக் கழற்றி மாட்டுகிற வைத்தியம் எனக்குப் பிடிப்பதில்லை. வேகம் பூஜ்யம், சூடு உச்சம் என்று இருந்தால் நின்ற வண்டியின் என்ஜின் அறை வெப்பத்தில் ஏதோ விலகுகிறது. வேகம் நாற்பது, ஐம்பது என்று இருந்தால் அதிர்வோ, என்ஜின் அசையும்போது வயர் இழுபடுவதோ காரணமாகலாம்.

இனி கையை வைக்கலாம். பெட்ரோல் ஆவி இருக்கும் இடம். என்ஜின் ஆறட்டும், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம், திறந்த இடத்தில் செய்யுங்கள்.

கண்ணால் பார்ப்பதற்கு நேரம் செலவழியுங்கள். வால்வு பெரும்பாலும் இன்டேக் மேனிஃபோல்டு பக்கத்திலேயே இருக்கும், அங்கிருந்து வயர் போகும் வழியைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். என்ஜினிலிருந்து பாடிக்குத் தாவுகிற இடம், கிளிப் உடைந்து தொங்குகிற இடம், இரும்பு விளிம்பில் உரசுகிற இடம், எக்ஸாஸ்ட் பக்கம் நெருங்குகிற இடம், இந்த நான்கும் முக்கியம். எலிக்கடி நம் ஊரில் வெகு சாதாரணம். கருப்புச் சுருள் குழாய்க்குள் கடித்திருந்தால் வெளியே தெரியாது. எலிப்புழுக்கை, கூடு கட்டிய நார், பஞ்சு ஏதாவது கண்ணில் பட்டால் அந்தப் பகுதியின் குழாயைப் பிரித்தே பாருங்கள். ரிவர்ஸ் கேமரா, ஃபாக் லைட், சிஎன்ஜி கிட் என்று பின்னால் ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா? சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் வயர் தேடுகிறவர்களுக்கு, என்ஜின் அறையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இந்த வயர் நல்ல இரை. தோலைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றியிருப்பார்கள். அப்படி ஒரு முடிச்சைப் பார்த்தால் உங்கள் தேடல் அங்கேயே முடியலாம்.

கப்ளரைக் கழற்றி உள்ளே பாருங்கள். பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. என்ஜின் அறையைப் பிரஷர் வைத்துக் கழுவிய வண்டிகளில் இது சகஜம். பச்சை இல்லாவிட்டாலும் நிம்மதி அடையாதீர்கள். பெண் பின்னின் பிடி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வால்வின் பின் அளவுக்கே உள்ள தகட்டுத் துண்டு ஒன்றை நுழைத்து இழுத்தால் லேசாகப் பிடித்து விட வேண்டும். லொடலொடவென்று வந்தால் அதுதான் நோய். சூட்டில் உலோகம் விரிகிறது, அதிர்கிறது, தொடர்பு விடுகிறது, ஆறினால் மறுபடி சேர்கிறது. இப்படிப் பின் தளர்வதற்குப் பெரிய காரணமே நம் ஆட்கள் மல்டிமீட்டரின் தடித்த முனையை நேராக அதற்குள் குத்துவதுதான். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். கப்ளரின் பின்பக்கத்தில், வயர் நுழையும் ரப்பரை ஒட்டி ஒரு மெல்லிய குண்டூசியை நுழைத்து அதில் மீட்டரைத் தொடுங்கள்.

காயில் சோதனை ஒரு நிமிட வேலை. வால்வைத் தனியாகக் கழற்றி இரண்டு பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 20-க்கும் 30-க்கும் நடுவில் வரும், உங்கள் மாடலின் சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பழையது, புதியது இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் பழையது நல்லதாகவே இருந்திருக்கலாம். வண்டி ஓடி வந்த சூட்டிலும் ஒரு முறை அளக்க வேண்டும். செம்பு சூடானால் மின்தடை கூடும், 20 டிகிரியில் 24 ஓம் காட்டும் காயில் 90 டிகிரியில் 30 ஓம் சுமார் காட்டுவது இயல்பு. அங்கே மீட்டர் எல்லையே இல்லை என்று காட்டினால் காயில் சூட்டில் விட்டுப்போகிறது. புதுப் பொருள் என்பதால் அது நடக்காது என்று எண்ண வேண்டாம், போலி உதிரிபாகத்தில் நடக்கும்.

அடுத்தது 12 வோல்ட் வருகிறதா என்பது. இங்கேதான் மல்டிமீட்டர் மட்டும் வைத்திருப்பவர்கள் ஏமாறுகிறார்கள். கப்ளரைக் கழற்றி, சாவியைப் போட்டு அளந்தால் மீட்டர் 12.4 என்று அழகாகக் காட்டும். வயருக்குள் ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அதையே காட்டும். மாடித்தொட்டிக் குழாயில் அடைப்பு இருந்தாலும் குழாயை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் முழுசாகத்தான் இருக்கும், திறந்தால்தான் சொட்டுகிறது என்று தெரியும். மீட்டர் மின்சாரத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. வால்வோ அரை ஆம்பியர் இழுக்கிறது. எனவே அரை ஆம்பியர் இழுக்கும் ஒன்றை வைத்துச் சோதிக்க வேண்டும்.

பார்க் லைட்டில் போடுகிற 5 வாட் பல்பு இதற்கென்றே செய்தது போலிருக்கும். அதன் இழுப்பு சுமார் 0.4 ஆம்பியர், வால்வின் இழுப்புக்குப் பக்கம். இழை உள்ள பல்பு வேண்டும், எல்இடி ஆகாது. ஹோல்டரோடு வாங்கி, இரண்டு நீள வயர் பற்றவைத்து, ஒன்றில் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கப்ளரின் 12 வோல்ட் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மாட்டிச் சாவியைப் போடுங்கள். முழு வெளிச்சமாக எரிய வேண்டும். மங்கினால் ஃபியூஸ், ரிலே, இடைப்பட்ட வயர் என்று பின்னோக்கிப் போங்கள். ஃபியூஸைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதைவிட, மாட்டியிருக்கும்போதே அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் பல்பைத் தொட்டுப் பார்ப்பது நம்பகமானது. சில மாடல்களில் சாவி போட்டதும் ரிலே சில நொடி மட்டும் பிடித்து விட்டுவிடும். சந்தேகம் வந்தால் என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள்.

இந்தப் பல்பை வால்வுக்குப் பதிலாகக் கப்ளரின் இரண்டு பின்களுக்கும் நடுவே மாட்டி, ஈசிஎம் மின்னவைக்கிறதா என்று பார்க்கச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பல்பின் இழை ஆறியிருக்கும்போது அதன் மின்தடை மிகக் குறைவு, போட்ட கணத்தில் பல மடங்கு மின்சாரம் பாயும். சில ஈசிஎம்கள் அதை ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு இல்லாத கோடைப் போடும். ஈசிஎம் பக்கத்துச் சோதனைக்கு உங்கள் பழைய வால்வே சிறந்த கருவி. அதைக் கப்ளரில் மாட்டிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இன்டேக் பக்கம் புது வால்வு இருந்த இடத்திலேயே குழாயோடு இருக்கட்டும், வயர் இல்லாவிட்டால் அது மூடியே இருக்கும். என்ஜின் முழுச் சூட்டுக்கு வந்ததும் பழைய வால்வு விரலுக்குள் துடிக்க வேண்டும். துடித்தால் அந்தக் கணத்தில் முழுச் சுற்றும், ஈசிஎம்மும் சேர்த்து, நல்லபடி வேலை செய்கின்றன. துடிக்கும்போதே ஹார்னஸை, அதாவது வயர் கட்டை, ஒவ்வொரு சாணாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே போங்கள். துடிப்பு நின்ற இடத்தில் ஆள் பிடிபடுவான். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோல் வயருக்கு ஒருபோதும் நேரடி 12 வோல்ட் கொடுக்காதீர்கள். ஈசிஎம் அந்த வயரை எர்த் செய்யும் கணத்தில் அது மாட்டினால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் போகும். இல்லாத ஈசிஎம் பழுதை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

அந்த வயரைத் தனியாகச் சோதிக்க வேண்டுமானால் சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஈசிஎம் கப்ளரைப் பிரித்த பிறகுதான். வயரிங் படம் இல்லாமல் ஈசிஎம் கப்ளரில் பின்னைத் தேடாதீர்கள். இரண்டு முனைக்கும் நடுவே ஒரு ஓமுக்குள் வர வேண்டும், பாடிக்கு எல்லையற்று இருக்க வேண்டும். மீட்டர் சரி என்று சொன்னாலும் பல்பால் உறுதி செய்யலாம். நெகட்டிவை மறுபடி மாட்டி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸோடு உள்ள அந்தப் பல்பு வழியாக வால்வு கப்ளரின் கன்ட்ரோல் பின்னுக்கும், ஈசிஎம் கப்ளர் முனையில் அதே வயரிலிருந்து எர்த்துக்கும் இணைத்தால் பல்பு முழுசாக எரிய வேண்டும். ஈசிஎம் பிரிந்திருப்பதால் அதற்கு ஆபத்தில்லை. வயர்களை ஆட்டும்போது பல்பு மின்னினால் அறுந்த இடம் அதுதான். இந்த நிலையில் வால்வுக்கு 12 வோல்ட் வரவில்லையே என்று பதறிவிடாதீர்கள். பல வண்டிகளில் மெயின் ரிலேயைப் பிடித்து வைப்பதே ஈசிஎம்தான், அதைக் கழற்றினால் ரிலேயும் விட்டுவிடும்.

இவ்வளவும் வீட்டு வாசலில் சரியாகவே இருந்து, சத்தி ரோட்டில் மட்டும் கோடு வருகிறது என்றால் பல்பைச் சவாரிக்கு அழைத்துப் போக வேண்டியதுதான். வால்வை வழக்கம்போல மாட்டிவிட்டு, 12 வோல்ட் பின்னின் பின்பக்கத்தில் ஊசியால் தொடர்பு எடுத்து, ஃபியூஸோடு உள்ள அந்தப் பல்பின் வயரைச் சூடான பாகங்களைத் தொடாமல் கட்டி, பல்பைக் கண்ணாடிக்கு வெளியே வைப்பர் பக்கம் டேப் போட்டு ஒட்டுங்கள். மறு முனை எர்த். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பல்பையும், போனில் நிலுவைக் கோடுகள் பகுதியையும் பார்த்துக்கொண்டு வரட்டும். ஓட்டுகிற நீங்கள் ரோட்டைப் பாருங்கள். பல்பு கண் சிமிட்டி, பிறகு கோடு வந்தால் கோளாறு ஃபியூஸ், ரிலே பக்கம். பல்பு அசையாமல் எரியும்போதே கோடு வந்தால் அந்தப் பாதியை மறந்துவிட்டு வால்வு கப்ளர், கன்ட்ரோல் வயர், ஈசிஎம் கப்ளர் என்று தேடலாம். அங்கும் இங்கும் பாகம் மாற்றிப் பார்ப்பதைவிட இந்த ஒரு பயணம் மலிவு.

ஈசிஎம்மின் மேல் எப்போது சந்தேகப்படலாம்? காயில் அளவு சரி, 12 வோல்ட் பக்கம் பல்பு முழுசாக எரிகிறது, கன்ட்ரோல் வயர் பல்பைத் தாங்குகிறது, ஈசிஎம் கப்ளரின் பின் இறுக்கமாக இருக்கிறது, ஈசிஎம்முக்கு வரும் எர்த்தும் நன்றாக இருக்கிறது, இத்தனைக்குப் பிறகும் சூடான என்ஜினில் பழைய வால்வு துடிக்கவே இல்லை என்றால். ஒருவேளை வால்வு காயில் ஷார்ட் ஆகி ஈசிஎம்மின் டிரான்சிஸ்டரை எரித்திருந்தால், கோடு வந்து வந்து போகாது, நிரந்தரமாக நிற்கும். வெயிலில் மட்டும் வருகிற உங்கள் கோளாறின் குணம் லூஸ் கான்டாக்டின் குணம். போர்டுக்குள் பற்று விட்டு, சூட்டில் மட்டும் பிரிவதும் உண்டு, ஆனால் வரிசையில் அது கடைசி. அப்படியே மாற்ற நேர்ந்தாலும், உடைத்த வண்டியிலிருந்து எடுத்த ஈசிஎம்மை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். இம்மொபிலைசர் உள்ள வண்டியில் சாவியோடு அதைப் பொருத்தாவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாது.

அறுந்த இடம் கிடைத்துவிட்டால், பழுதான பகுதியை வெட்டி எடுத்துவிட்டு அதே தடிமனுள்ள ஆட்டோ வயரைச் சேருங்கள். வீட்டு வயரிங்கில் செய்வதுபோல முறுக்கி டேப் சுற்றுவது என்ஜின் அறையில் நிற்காது, சூட்டில் டேப்பின் பசை உருகி வழியும். கிரிம்ப் செய்து அல்லது பற்றவைத்து, உள்ளே பசையுள்ள ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டிச் சுருக்கி, மேலே துணி டேப் சுற்றுங்கள். என்ஜின் ஆடும்போது இழுபடாத அளவுக்குக் கொஞ்சம் தளர்வு விடுங்கள். பின் தளர்ந்திருந்தால் அதை நெருக்கிவிடுவது தற்காலிகம்தான். வயரோடு கூடிய புதுக் கப்ளர் கடைகளில் தனியாகவே கிடைக்கும், அதைப் போட்டுவிடுங்கள். பிறகு கோடை அழியுங்கள். அழிக்காவிட்டாலும் மூன்று நல்ல ஓட்டங்களில் விளக்கு அணையும், கோடு மட்டும் என்ஜின் நாற்பது முறை சூடேறி ஆறும்வரை நினைவில் கிடக்கும். ஆகவே விளக்கு அணைந்தபின் ஸ்கேனரில் கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

இத்தனை நாள் பர்ஜ் நடக்காமல் கேனிஸ்டர் நிரம்பியிருக்கும். சரியானபின் முதல் சில ஓட்டங்களில் ஐட்லிங் கொஞ்சம் தடுமாறினால் அது தானே சரியாகும். பங்க்கில் தானாக நின்றபிறகும் ரவுண்டு தொகைக்காக இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லாதீர்கள். வழியும் பெட்ரோல் நேராகக் கேனிஸ்டருக்குள் போய்க் கரித்துகளை நனைத்துக் கெடுக்கும், உடைந்த துகள் வால்வுக்கு வந்து அடைக்கும். அப்போது வருகிற கோடு வேறு, வைத்தியமும் வேறு.

இவற்றைச் செய்து பார்த்தும் பிடிபடவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். ஃப்ரீஸ் ஃப்ரேம் படம், இரண்டு வால்வுகளின் ஓம் அளவு ஆறிய நிலையிலும் சூட்டிலும், சவாரியில் கோடு வந்தபோது பல்பு எரிந்ததா இல்லையா, இந்த மூன்றும் கூடவே வேண்டும். வண்டியின் மாடலையும் குறிப்பிடுங்கள். இந்தக் கடிதத்தில் அதை விட்டுவிட்டீர்கள்.